பண்ணைவிளைப் பொன்னம்மாள்: நோய்ப்படுக்கையும் நம் நினைவுகூருதலும்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றைப் படிப்போர் டோனாவூர் என்னும் ஊரை அறிவர். அங்கே பணிபுரிந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரையும் அறிவர். அவருக்கு வலக்கரமாய் நின்ற பொன்னம்மாளை அறிந்தோர் மிகச் சிலரே. பொன்னம்மாள் அந்நிய நாட்டவர் அல்லர். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலை அடையுமுன் பாயும் பகுதியிலுள்ள பண்ணைவிளையில் வாழ்ந்த குடும்பத்துப் பெண். 1915ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள், புற்றுநோயால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வருந்திய பின் அவர் மரித்தார். அவருடைய வாழ்க்கையையும், சிறப்பாக அவருடைய நோயின் நாட்களையும் நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதத் தூண்டியது நூலறிவு அன்று. என் சொந்தத் தவறு. பல ஆண்டுகளுக்கு முன், கடற்கரையை அடுத்த ஒரு சேகரத்தில் நான் இளம் குருவானவராய் இருந்தபோது, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நெடுநாள் படுக்கையில் கிடந்தார். சபைப் பள்ளியில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவர். ஒரு மாலை, வெளியூரிலிருந்து வந்த ஜெபக் குழுவினர் அவரைச் சூழ்ந்து நின்று, மறைவான பாவம் ஏதேனும் இருந்தால் அறிக்கையிடும்படி வற்புறுத்தினர். நானும் அங்கே இருந்தேன், வாய் திறக்கவில்லை. அவர் மரித்தபோது அடக்க ஆராதனையில் அவருடைய பள்ளிப் பணியைப் பற்றி நெடுநேரம் பேசிவிட்டு, "நீண்ட நாள் சுகவீனத்திற்குப் பின்" என்று ஒரே வரியில் மற்றதை முடித்தேன். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்புகையில் அவருடைய தங்கை என்னருகே வந்து, "ஐயரே, அக்காவோட நாப்பது வருசத்தச் சொன்னீங்க. கடைசி ஏழு வருசம் எங்கே போச்சு?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

பொன்னம்மாளின் வாழ்க்கைக்கு வருவோம். இளம் வயதிலேயே கணவனை இழந்தவர் அவர். கிறிஸ்தவக் குடும்பமாயினும், விதவைக்குரிய ஒதுக்கம் அக்கால வழக்கப்படி அவருக்கும் விதிக்கப்பட்டிருந்தது. மாமனார் வீட்டின் உள்ளறைகளே அவர் உலகம். ஞானஸ்நானம் பெற்று இரண்டு மூன்று தலைமுறைகள் ஆன பின்பும் நம் வீடுகளில் விதவையின் நிலை மாறாதிருந்தது என்பதை நம் சபை வரலாறுகள் போதிய அளவு ஒப்புக்கொள்வதில்லை. 1890களின் பிற்பகுதியில் தாமஸ் வாக்கர் என்னும் குருவானவரும் அவர் மனைவியும் ஏமி அம்மையாருடன் பண்ணைவிளையில் தங்கிச் சுவிசேஷப் பணி செய்தபோது, பொன்னம்மாள் அவ்வொதுக்கத்தினின்று வெளிவந்து, ஊர் ஊராய்ச் செல்லும் பெண் ஊழியர் குழுவில் சேர்ந்தார். கிராமத்தார் அக்குழுவை நட்சத்திரக் கூட்டம் என்று அழைத்தனர். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் சென்று, கூடாரமடித்துத் தங்கி, வீட்டுத் திண்ணைகளிலும் கிணற்றடிகளிலும் பெண்களோடு உரையாடுவது அவர்களுடைய பணி.

அந்நாட்களில் நடந்த ஒன்றைக் கூறுவர். தெருவோரக் கூட்டமொன்றில், ஒரு சிறு குழந்தை பொன்னம்மாளின் நகைகளைக் கண்டு, தானும் வளர்ந்த பின் இக்கூட்டத்தில் சேர்ந்து அதைப்போல் நகை அணியப்போவதாகச் சொல்லிற்று. அவர் பேசிய நற்செய்தி குழந்தையின் செவிக்கு எட்டவில்லை. நகையே கண்ணுக்கு எட்டிற்று. பொன்னம்மாள் நகைகளைக் கழற்றினார். தங்கமும் முத்தும் குடும்ப மதிப்பின் அளவுகோலாயிருக்கும் இக்கரையில் இது எளிய செயல் அன்று. நகையணியாமையை ஒரு சட்டமாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கேட்பவரின் கண் எங்கே நிற்கிறது என்பதைக் கவனிக்கும் போதகராய் அவர் இருந்தார் என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

1901ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள், பிரீனா என்னும் ஏழு வயதுச் சிறுமி பண்ணைவிளையில் ஏமி அம்மையாரிடம் கொண்டுவரப்பட்டாள். பெருங்குளத்தில் கோவிலுக்கு ஒப்புக்கொடுக்கப்படவிருந்தவள். அதற்கு முன்பே ஒரு முறை தப்பி, ஏறத்தாழ இருபது மைல் நடந்து தூத்துக்குடியிலிருந்த தாயிடம் சென்றிருந்தாள். தாயோ தெய்வகோபத்திற்கு அஞ்சி, தேடிவந்த பெண்களிடமே அவளை ஒப்படைத்தார். தண்டனையாக அவளுடைய கைகளில் சூடு போடப்பட்டது. இரண்டாம் முறை தப்பியபோது அவள் வந்து சேர்ந்த இடம் பண்ணைவிளை. அச்சிறுமியிடமிருந்து கேட்டறிந்தவையே ஏமி அம்மையாரின் பணியை வேறு திசையில் திருப்பின. அவ்வாண்டிலேயே அவர்கள் டோனாவூரில் நிலைபெற்றனர். தேவதாசி முறையைப் பற்றி அம்மையார் எழுதியவை ஒருதலைப்பட்சமானவை என்றும், அப்பெண்களின் இசை, நாட்டிய மரபையும் சொத்துரிமையையும் அவர் காணத் தவறினார் என்றும் பிற்கால ஆய்வாளர் கூறுவதில் உண்மையுண்டு. எனினும் சூடுண்ட கைகள் ஆய்வுக் கருத்து அல்ல. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி போன்றோர் நெடுநாள் போராடியதன் பயனாக 1947இல் சென்னை மாகாணத்தில் இவ்வொப்படைப்பு சட்டத்தால் தடை செய்யப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

டோனாவூரில் சேர்ந்த குழந்தைகளைப் பேணுவது சுவிசேஷக் குழுவின் பெண்களுக்கு முதலில் உவப்பான வேலையாயில்லை. பிரசங்கிப்பது கண்ணியமான ஊழியம். பிறர் பெற்ற பிள்ளையின் துணி அலசுவது ஆயாவின் வேலை. அதிலும் அக்குழந்தையின் சாதி யாருக்குத் தெரியும்? இவ்வெண்ணத்தை உடைத்தவர்களுள் முதல்வர் பொன்னம்மாள். நோஞ்சான் குழந்தைகளுக்கு மருத்துவ உதவி அருகில் தேவைப்பட்டதால், இலண்டன் மிஷன் மருத்துவமனை இருந்த நெய்யூரில் ஒரு குழந்தையகம் ஏற்படுத்தப்பட்டபோது, அதன் பொறுப்பு அவரிடமே விடப்பட்டது. தாய்ப்பால் இல்லாத சிசுக்களுக்குப் பால் கலக்கும் அளவையும், புட்டியைக் கொதிநீரில் இடும் முறையையும் கற்று, எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் கற்பித்தார். வயிற்றுக்கடுப்பு பரவிக் குழந்தைகள் பலர் மடிந்த நாட்களில் அங்கே நின்றவரும் அவரே. டோனாவூரில் தமிழ்ப் பெண் ஊழியரைக் குழந்தைகள் அக்காள் என்றும், அயல்நாட்டுப் பெண்களைச் சித்தி என்றும், பின்னாளில் வந்த ஆண்களை அண்ணாச்சி என்றும் அழைத்தனர். நம் நாட்டு உறவு முறையில் அமைந்த இவ்விறையியற் கல்விக்குப் பட்டமில்லை. ஆனால் ஓர் அக்காளின் கையில் பயின்ற அக்காள்மாரே அந்த இல்லத்தை நடத்தினர். அவரை ஆசிரியர் என்று நான் கூறுவது இப்பொருளிலேயே.

1912 ஆகஸ்டில் வாக்கர் ஐயர் மசூலிப்பட்டணத்தில் திடீரென்று இறந்தார். மறு ஆண்டு ஏமி அம்மையாரின் தாயார் இங்கிலாந்தில் மரித்தார். அதே 1913இல் பொன்னம்மாளுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. நாகர்கோவிலில் இரட்சணிய சேனை மருத்துவமனையில் அறுவை மருத்துவம் செய்யப்பட்டது. ஏமி அம்மையார் உடன் தங்கிப் பணிவிடை செய்தார். சில காலம் தேறியது போலிருந்து, நோய் திரும்பிற்று.

அப்போது அவர்கள் செய்ததும் அதன் விளைவும் நம் அனைவருக்கும் பாடமாகும். யாக்கோபின் நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை முன்வைத்து, சுகமளிக்கும் ஜெபத்தைப் பற்றி அவர்கள் கருத்தாய் ஆராய்ந்தனர். பின்பு வெண்சேலை உடுத்திப் பொன்னம்மாளின் படுக்கையைச் சூழ்ந்து கூடினர். வெற்றியின் அடையாளமாக ஒரு குருத்தோலையைப் படுக்கையின் குறுக்கே வைத்து, எவ்விடை வரினும் ஏற்றுக்கொள்வோம் என்று ஜெபித்தனர். அந்நாள் முதல் நோய் அதிகமாயிற்று. வேதனை பெருகியது, கண்ணொளி மங்கியது, நாட்கணக்கில் அவர் துன்பத்தில் கிடந்தார்.

இதை மறைக்காமல் ஏமி அம்மையாரே எழுதிவைத்தார். இதன் அருமையை நாம் உணர வேண்டும். சாட்சிக் கூட்டங்களில் ஜெபித்தோம், சுகம் கிடைத்தது என்பது மட்டுமே மேடையேறும். ஜெபித்தோம், அன்று முதல் மோசமாயிற்று என்பதற்கு அங்கே இடமில்லை. ஆகவே சுகம் பெறாதவரின் வீட்டார், தங்கள் அனுபவம் திருச்சபையில் எங்கும் நிகழாத ஒன்று எனக் கருதி, வெட்கத்தோடு வாய்மூடுகின்றனர்.

யாக்கோபின் பகுதியையே சற்று நோக்குவோம். நம் பழைய மொழிபெயர்ப்பு பதினைந்தாம் வசனத்தில் இரட்சிக்கும் என்றும் எழுப்புவார் என்றும் மொழிகிறது. கிரேக்க மூலத்திலுள்ள சோட்ஸோ என்னும் வினை உடல்நலம் பெறுதலையும் குறிக்கும், கடைசி நாளின் மீட்பையும் குறிக்கும். இதே நிருபத்தில் ஆத்துமாவை இரட்சித்தல் என்னும் பொருளில் வேறிடங்களில் வருகிறது. எகெய்ரோ என்னும் வினை படுக்கையினின்று எழுப்புதலுக்கும் மரித்தோரினின்று எழுப்புதலுக்கும் பொதுவானது. இவ்விரண்டிலும் உடல்நலப் பொருளை நீக்கிவிட்டு ஆவிக்குரிய பொருளை மட்டும் வைப்பது நேர்மையான விளக்கம் அன்று. யாக்கோபு உண்மையான நோயாளிகளைப் பற்றியே பேசுகிறார். ஆயினும் உடல்நலத்தை மட்டும் வைத்து, அது நிகழாதபோது நோயாளியின் விசுவாசத்தைக் குற்றப்படுத்துவது அதைவிடப் பெரிய பிழை. கவனியுங்கள்: அப்பகுதியில் ஜெபிக்க அழைக்கப்படுபவர் மூப்பர், விசுவாசமுள்ள ஜெபம் என்பதும் அவர்களுடைய ஜெபமே. குறைவு தேட வேண்டுமானால் முதலில் நம்மிடமே தேட வேண்டும். பாவத்தைப் பற்றிய கூற்றும் "செய்தவனானால்" என்னும் நிபந்தனையோடுதான் வருகிறது. நோய்க்குப் பின்னால் பாவம் உண்டென்று யாக்கோபு முடிவுகட்டவில்லை. மேலும், பதினைந்தாம் வசனத்தில் நோயாளியைக் குறிக்கும் சொல் காம்னோ என்னும் வினையினின்று வருவது. களைத்துப்போனவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். நெடுநோயாளியை அறிந்த எவரும் இச்சொல்லின் பொருத்தத்தை உணர்வர். வலியைவிடக் களைப்பே அவர்களைத் தின்கிறது.

பவுல் தம் முள் நீங்க மும்முறை வேண்டியும் அது நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாய் விட்டுவந்ததாக எழுதும்போது அவர் விளக்கமும் கூறவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. எப்பாப்பிரோதீத்து பிழைத்தார், துரோப்பீமு என்ன ஆனார் என்று நிருபம் சொல்லவில்லை. இருவரும் ஒரே அப்போஸ்தலனின் உடன் ஊழியர்கள்.

இங்கே நம் கரைக்கே உரிய ஒரு பிரசங்க உவமையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் நெடுநோயாளியின் அடக்க ஆராதனையில் முத்துச்சிப்பி தவறாமல் வரும். சிப்பிக்குள் மணல் துகள் நுழைந்து உறுத்துகிறது. சிப்பி வேதனையைப் பொறுத்து முத்தாக்குகிறது. அவ்வாறே நம் சகோதரியும் என்பது வழக்கமான வாய்பாடு. நானும் கூறியிருக்கிறேன். முதலாவது, மணல் துகள் என்பது பெரும்பாலும் கதையே. 1902இல் இலங்கைப் பார்களை ஆராய்ந்த ஹெர்ட்மன், ஹார்னல் ஆகியோர் ஒட்டுண்ணிப் புழுவின் இளரூபமே முத்தின் கரு என்று கருதினர். அவர்கள் கூறிய புழுவே காரணம் என்பதைப் பின்வந்தோர் முழுதும் ஏற்கவில்லையாயினும், மணலுக்கு யாரும் திரும்பவில்லை. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் முத்து வளர்த்தபோது, மற்றொரு சிப்பியின் மேலுறைத் தசையில் ஒரு துண்டையும் ஓட்டிலிருந்து கடைந்த மணியையும் வைத்தே வளர்த்தனர். இரண்டாவது, அதைவிட முக்கியமானது: முத்து எடுக்கப்படுவது எப்படி? 1961 வரை இக்கரையில் நடந்த சிலாபங்களைக் கண்ட முதியோர் அறிவர். குளியாளர் கல்லைக் கட்டி மூழ்கிக் கொணர்ந்த சிப்பிகள் ஆயிரக்கணக்கில் ஏலம் போயின. வாங்கியோர் அவற்றைக் குவித்து அழுகவிட்டனர். ஈ மொய்க்க, நாற்றம் ஊரையே சூழ, சதை அழிந்த பின் கழுவி முத்தைப் பொறுக்கினர். அவற்றுள் பெரும்பாலான சிப்பிகளில் முத்தே இராது. இவ்வுவமையை அதன் முடிவு வரை கொண்டு சென்றால் கடவுள் யாராகிறார்? முத்து வேண்டிச் சதையை அழுகவிடும் வணிகர். புற்றுநோயாளியின் அறையில் நின்றவர் எவரும் அழுகுதலைப் பற்றி இவ்வளவு எளிதாய்ப் பேசமாட்டார். திருமறையில் வரும் வணிகனோ முத்துக்காகத் தனக்குரியதையெல்லாம் விற்றவன். விற்கப்பட்டது சிப்பி அன்று.

பொன்னம்மாளின் மரணத்திற்குப் பின், 1918இல் ஏமி அம்மையார் அவருடைய வரலாற்றை ஒரு சிறு நூலாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். நமக்கு அவரைப் பற்றித் தெரிவன பெரும்பாலும் அதிலிருந்தே வருவன. இதில் ஓர் இடர்ப்பாடுண்டு. பண்ணைவிளைத் தமிழில் பேசிய ஒரு பெண்ணின் சொற்கள் ஆங்கிலத்தின் வழியாக, அவரை மிகவும் நேசித்த ஒருவரின் கையால் நமக்கு வந்து சேர்கின்றன. நேசம் நினைவைக் காக்கிறது. அதே நேசம் அதற்கு மெருகும் ஏற்றுகிறது. அந்த இரண்டு ஆண்டுகளில் அவர் எரிச்சலுற்ற நாட்கள் இருந்தனவா, கடவுளைக் கேட்ட கேள்விகள் எவை என்பதை நாம் இன்னும் அதிகமாய்க் கேட்க விரும்புவோம். ஆயினும் குருத்தோலையின் கதையை அந்நூலாசிரியர் நீக்கிவிடவில்லை என்பதால், மற்றதிலும் அவரை நம்ப எனக்குத் துணிவு உண்டாகிறது.

அதன்பின் பதினாறு ஆண்டுகள் கழித்து, 1931 அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் மருத்துவப் பணிக்காக எடுத்திருந்த ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற ஏமி அம்மையார், மாலை இருளில் அங்கே தோண்டப்பட்டிருந்த குழியில் விழுந்தார். காலெலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடலாம் என்று எண்ணினர். 1951 ஜனவரி 18ஆம் நாள் தமது எண்பத்துமூன்றாம் வயதில் இறக்கும் வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அவர் தம் அறையை விட்டு அதிகம் வெளிவரவில்லை. நோயாளியைப் பேணியவர் நோயாளியானார். அப்படுக்கையில் அவர் கண்டுகொண்ட ஒன்று போதகர்களாகிய நமக்குரியது. நோயாளிகளுக்கு ஆறுதலாக அச்சிடப்படுபவை பெரும்பாலும் நலமாயிருப்போர் எழுதியவை; படுக்கையில் கிடந்து படிக்கும்போது அவை உள்ளீடற்று ஒலிக்கின்றன என்றார். ஆகவே, நலமடைந்த பின் எழுதலாம் என்று தள்ளிவைக்காமல், நோயின் நடுவிலேயே தம்மைப் போன்ற நோயாளிகளுக்குக் கடிதங்கள் எழுதினார். அவை 1933இல் நூலாயின. ஒவ்வொரு நாளும் இல்லத்தாருக்குச் சிறு சீட்டுகள் எழுதியனுப்பினார். 1930களுக்குப் பின் வந்த குழந்தைகள் அவரைப் படுக்கையிலேயே அறிந்தனர்; அவர்களுக்கு அந்த அறையே அம்மா. தம் கல்லறையில் கல் நாட்டக்கூடாதென்று அவர் கேட்டுக்கொண்டதால், பறவைகள் நீர் அருந்தும் ஒரு தொட்டியை வைத்து, அம்மா என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

நோயின் ஆண்டுகள் ஊழியத்திற்குப் பின்வரும் வெற்றிடம் என்று நாம் எண்ணுவதால்தான் அடக்க ஆராதனையில் அவற்றைத் தாண்டிப்போகிறோம். பொன்னம்மாளிடம் ஏமி அம்மையார் கற்றதைப் பள்ளிப்பாடமாக யாரும் அவருக்குக் கற்பித்திருக்க முடியாது. தாதியாய் அமர்ந்திருந்த அந்த இரண்டாண்டுகள் இல்லாமல் பின்னைய இருபதாண்டுகளின் கடிதங்கள் எழுதப்பட்டிருக்குமா என்பது என் ஐயம். இதனால் நோய் நல்லது என்று நான் கூறுவதாக எவரும் எண்ண வேண்டாம். நோயால் எதையும் கற்பிக்காமல், எவரையும் அடையாளம் காணாமல், மனம் மழுங்கி மரிப்போரும் உண்டு. அவர்களுக்கும் நாம் அடக்க ஆராதனை நடத்துகிறோம். பயன்பட்டதனால் அல்ல, கடவுள் அவர்களைக் கைவிடாததனாலேயே அந்நாட்களும் அவர்களுடைய வாழ்க்கையின் பகுதிகள்.

பிற்பாடு ஆசிரியையின் முதலாண்டு நினைவு ஆராதனை வந்தது. நான் பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டு, அவருடைய தங்கையைப் பேசும்படி கேட்டேன். முதலில் மறுத்தார், பின் எழுந்து, முந்தானையைப் பற்றிக்கொண்டு பேசினார். அக்காளுக்கு முதுகில் புண் கண்டதையும், இரவில் புரட்டிப் படுக்கவைக்கத் தெருப்பெண்கள் முறைவைத்து வந்ததையும், பள்ளி விட்டதும் பிள்ளைகள் சன்னலண்டை நின்று வாய்ப்பாடு ஒப்பித்ததையும், ஏழாம் வாய்ப்பாட்டில் தவறினால் உள்ளிருந்து குரல் வந்ததையும், கடைசி ஆண்டில் அக்குரல் வராமற்போனதையும் சொன்னார். பிள்ளைகள் அப்போதும் வந்து நின்றார்களாம். ஜெபக் குழுவினர் வந்த மாலையைப் பற்றியும் சொன்னார். நான் அங்கே இருந்ததை அவர் சொல்லவில்லை. அவர் அமர்ந்த பின் அதை நான் எழுந்து சொன்னேன்.